ஒரு சொற்றொடரும் ஒன்பது மாதங்களும்

அரசியல் நிர்ணய சபை விவாதங்களின் 7ஆம் தொகுதியைச் சில வாரங்களாக இரவில் வாசித்து வருகிறேன். அதில் 1948 டிசம்பர் 13ஆம் தேதிப் பக்கங்களைத் தாண்டிச் செல்ல எனக்கு மனம் வரவில்லை. அன்று அவையின் முன் இருந்தது அரசமைப்பு வரைவின் 15ஆவது பிரிவு. இன்று அது 21ஆவது பிரிவு. ஒருவருடைய உயிரையோ உடல்சார் சுதந்திரத்தையோ அரசு எந்த நிபந்தனையின் பேரில் பறிக்கலாம் என்பதே கேள்வி.

முதலில் அமெரிக்க முறையைத் தழுவி 'உரிய சட்ட நெறி' என்ற பொருளில்தான் அப்பிரிவு எழுதப்பட்டிருந்தது. அப்படி இருந்திருந்தால், ஒரு சட்டம் நியாயமானதுதானா என்றே நீதிமன்றம் கேட்டிருக்க முடியும். அரசமைப்பு ஆலோசகர் பி. என். ராவ் அமெரிக்கா சென்றபோது, அந்நாட்டு உச்ச நீதிமன்ற நீதிபதி பிராங்க்ஃபர்ட்டர் இந்தச் சொற்களைத் தவிர்க்கும்படி அவரிடம் கூறினார். தேர்ந்தெடுக்கப்பட்ட சட்டமன்றத்தின் முடிவைச் சில நீதிபதிகள் தூக்கியெறிய அது வழிவிடும் என்பது அவருடைய கவலை. வரைவுக்குழு, 1946ஆம் ஆண்டின் ஜப்பானிய அரசமைப்பைப் பின்பற்றி, 'சட்டத்தால் நிறுவப்பட்ட நெறிமுறை' என்று மாற்றியது; அதாவது, சட்டம் வகுத்த நடைமுறையை அரசு பின்பற்றினாலே போதும். வரைவுக்குழு உறுப்பினரான சென்னையின் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர் இந்த மாற்றத்தின் பக்கம் உறுதியாக நின்றார். தொழிலாளர் நலச் சட்டங்களை அமெரிக்க நீதிமன்றங்கள் செல்லாதவையாக்கிய வரலாற்றை நினைத்தால், நீதிமன்றங்கள் குறுக்கே நிற்கும் என்ற அவருடைய அச்சத்தை என்னால் புறந்தள்ள முடியவில்லை.

அவை உறுப்பினர் காஜி சையது கரிமுதீன் பழைய சொற்களையே திரும்பக் கேட்டுத் திருத்தம் கொண்டுவந்தார். வரைவுக்குழுவில் இருந்த கே. எம். முன்ஷியே அதை ஆதரித்துப் பேசினார். இறுதியில் எழுந்த அம்பேத்கர் எந்தப் பக்கமும் சாயவில்லை. கட்சிக்காரர்கள் நிறைந்த ஒரு சட்டமன்றம் அடிப்படை உரிமைகளை மீறிச் சட்டம் இயற்றக்கூடும். மறுபுறம், எது நல்ல சட்டம் என்பதை ஐந்தாறு நீதிபதிகளின் கையில் ஒப்படைப்பதையும் ஏற்க இயலவில்லை என்று இரண்டையும் எடுத்துரைத்து, முடிவை அவையிடமே விட்டுவிட்டார். ஒரு நாட்டின் அடிப்படைச் சட்டத்தை வரைந்தவர், தம் ஐயத்தை மறைக்காமல் பதிவேட்டில் ஏற்றியதைப் படித்தபோது எனக்கு அவர்மீதான மதிப்பு இன்னும் கூடியது. திருத்தங்கள் தோற்றன.

ஆனால் அவர் அதை அத்துடன் விட்டுவிடவில்லை. ஒன்பது மாதங்கள் கழித்து, 1949 செப்டம்பர் 15 அன்று, முந்தைய முடிவு மக்களிடையே பெரும் அதிருப்தியை உண்டாக்கியதை ஒப்புக்கொண்டு, அதற்கு ஈடாக இன்றைய 22ஆவது பிரிவை அவையில் வைத்தார். கைதுக்கான காரணத்தைச் சொல்ல வேண்டும், வழக்கறிஞரை அணுக விட வேண்டும், 24 மணி நேரத்துக்குள் குற்றவியல் நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்ற காப்புகள் இப்படித்தான் வந்தன. அதே பிரிவில் தடுப்புக்காவலும் இடம்பெற்றது: விசாரணையின்றி மூன்று மாதம் வரை அடைத்து வைக்கலாம், அதற்கு மேல் என்றால் ஆலோசனைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். விடுதலைப் போரில் சிறை சென்ற மகாவீர் தியாகி, வரைவுக்குழுவினருக்குச் சிறை அனுபவம் இருந்திருக்க வேண்டும் என்று ஆதங்கத்தோடு பேசினார்.

தியாகி அஞ்சியது விரைவிலேயே நடந்தது. சென்னை மாகாணத்தில் தடுப்புக்காவலில் இருந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஏ. கே. கோபாலனின் வழக்கில், அரசமைப்பு நடைமுறைக்கு வந்து நான்கு மாதம் நிறைவதற்குள், 1950 மே மாதத்தில், உச்ச நீதிமன்றத்தின் பெரும்பான்மை நீதிபதிகள் 21ஆவது பிரிவுக்குக் குறுகிய பொருளையே கொண்டனர். நீதிபதி பசல் அலி மட்டும், நெறிமுறை என்பதற்குள்ளேயே நியாயமான விசாரணை அடங்கியிருக்கிறது என்ற கருத்தில் நின்றார். அந்த நெறிமுறை நியாயமாகவும் நேர்மையாகவும் இருந்தாக வேண்டும் என்று 1978இல் மேனகா காந்தி வழக்கில் நீதிமன்றம் கூறியபோது, கரிமுதீன் கேட்டதில் பெரும்பகுதி முப்பது ஆண்டுகள் கழித்துக் கிடைத்தது.

அதே 1978இல் 44ஆவது திருத்தம், தடுப்புக்காவலின் மூன்று மாத வரம்பை இரண்டாகக் குறைத்தது. நாடாளுமன்றம் நிறைவேற்றிய அந்தப் பகுதியை நடைமுறைப்படுத்தும் அறிவிக்கை இன்றுவரை வெளியிடப்படவில்லை.