கல்சியம் பம்பிக் கேள்விக்கு எப்படிப் படிப்பது?

“விகாரம் ஒன்று கல்சியம் பம்பியின் கட்டமைப்பையும் தொழிலையும் எவ்வாறு பாதிக்கும்?” கல்சியம் பம்பி என்பது கலத்தின் மென்சவ்வினூடாகக் கல்சியத்தைக் கடத்தும் ஒரு புரதம். இரண்டாம் வருடத் தாளில் இந்தக் கேள்விக்கு ஒன்றரைப் பக்கம் எழுதினேன். பரம்பரையலகு மாறும், அமினோ அமிலம் மாறும், புரதத்தின் வடிவம் மாறும், ஆகவே தொழில் கெடும். இருபதுக்கு ஐந்து புள்ளி. எழுதியதில் பிழை இல்லை, ஆனால் அதில் கல்சியம் பம்பியே இல்லை. எந்தப் புரதத்துக்கும் அதையே எழுதலாம்.

தோட்டப் பாடசாலையில் தமிழில் உயர்தரம் படித்துவிட்டு, கெம்பஸில் ஆங்கிலத்தில் படிக்க வருகிற தம்பி தங்கச்சிகளே, மொழிக்குப் பயந்து வசனங்களைப் பாடமாக்காதீர்கள். எனக்கு நடந்தது அதுதான்.

விடுமுறைக்கு ஹட்டன் பக்கம் வீட்டுக்குப் போனபோது, பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் தசைக் கலத்துப் பம்பியை வரைந்தேன். பெயர் செர்கா 1ஏ, 994 அமினோ அமிலங்கள். தசைக் கலத்துக்குள்ளே கல்சியத்தைச் சேமித்து வைக்கும் சிறுவலையின் மென்சவ்வை ஊடுருவும் பத்துச் சுருள்கள், அவற்றுக்கு மேலே மூன்று பெரிய பகுதிகள். கலத்துக்குச் சக்தி தரும் மூலக்கூறான ஏடிபி ஒன்று செலவானால் இரண்டு கல்சியம் அயன்கள் சிறுவலைக்குள் போகும். ஜப்பானிய ஆய்வாளர் தொயோஷிமாவின் குழு இந்தப் பம்பியின் கட்டமைப்புப் படங்களை, 2000இல் கல்சியம் பிடித்த நிலையிலும் 2002இல் கல்சியம் இல்லாத நிலையிலும் வெளியிட்டது. இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதலாவதில் மேற்பகுதிகள் விலகி நிற்கும், அடுத்ததில் நெருங்கிச் சேர்ந்திருக்கும். அந்த அசைவுதான் பம்பியின் வேலை.

இனி விகாரத்தை ஓர் இடத்தில் வைத்துக் கேளுங்கள்: பம்பி திரும்பத் திரும்பச் செய்யும் இந்த வேலைச் சுற்றில் எந்தப் படி நின்றுபோகும்? 351ஆவது இடத்தில் உள்ள அஸ்பாட்டிக் அமிலத்தில்தான் ஏடிபியின் பொசுபேற்று ஏறுகிறது. அங்கே அஸ்பரஜின் வந்தால் புரதம் ஒழுங்காகவே மடியும், ஏடிபியும் வந்து ஒட்டும். ஆனால் பொசுபேற்று ஏறாது, கல்சியம் கடக்காது. வடிவம் கெடாமலே தொழில் நிற்கும் என்பதை இங்கேதான் விளங்கிக்கொண்டேன். 309ஆவது குளூட்டாமிக் அமிலம் குளூட்டமின் ஆனால் கதை வேறு. அது மென்சவ்வுக்குள்ளே கல்சியத்தைப் பிடிக்கும் இடம், ஆகவே இரண்டாவது அயன் பிடிபடாது. இன்னும் சில விகாரங்களில் புரதம் சரியாக மடியாமல் கலமே அதை அழித்துவிடும், பம்பிகளின் எண்ணிக்கை குறையும்.

கொழுந்து பறித்துவிட்டு வந்த அம்மா, “என்னடி வரையிற?” என்றார். கையைப் பொத்தி விரிக்கச் சொன்னேன். “பொத்துறப்ப கல்சியம் வெளிய வருதும்மா. பம்பி அதத் திரும்ப உள்ள இழுத்தாத்தான் தசை தளரும்.”

“அப்ப விரிக்கிறதுக்குத்தான் பம்பியா?” என்றார்.

அம்மா சொன்னதை அப்படியே குறித்துக்கொண்டேன். 1969இல் புரோடி என்ற மருத்துவர் விவரித்த நோயில் கெடுவது அந்த விரித்தல்தானே. இந்தப் பம்பியை ஆக்கும் ஏடிபி2ஏ1 பரம்பரையலகில் விகாரம் உள்ளவர்களுக்கு வேகமாக வேலை செய்தபின் தசை இறுகி, தளர நேரமெடுக்கும். குளிரில் இன்னும் கூடும். தோலைத் தாக்கும் டாரியர் நோயில் மாறுவது இதே வகைப் பம்பி இன்னொன்றை ஆக்கும் ஏடிபி2ஏ2 பரம்பரையலகு. பெற்றோரிடமிருந்து வரும் இரண்டு பிரதிகளில் ஒன்று கெட்டாலே போதும். இந்த ஒப்பீட்டை இரண்டு வரியில் எழுதுங்கள், அதற்குமேல் தேவையில்லை.

பரீட்சையில் முதல் ஐந்து நிமிடத்தைப் படத்துக்கு ஒதுக்குங்கள். 351ஐயும் 309ஐயும் அதில் குறித்துவிட்டு, ஒவ்வொன்றிலிருந்தும் அம்புக்குறி போட்டு நின்றுபோகும் படியை எழுதுங்கள். மீள்பரீட்சையில் நான் எழுதியதும் அப்படித்தான், பதினாறு கிடைத்தது.