திரும்பி ஓடி வராத பாட்டில்

“நிஜ ராக்கில தப்பா வெச்ச பாட்டில் திரும்பி ஓடி வராதுங்க.”

நான் உருவாக்கிய ஆன்லைன் பயிற்சி ஒன்றின் ரிவ்யூ கால் முடியப்போகிற நேரத்தில், அதன் ரசாயன விஷயங்களைப் பார்த்துச் சொல்லும் மேடம் சொன்னது இது. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் சிரித்துவிட்டு, “அது யூசருக்கு வசதியா இருக்கட்டும்னுதான் மேடம்” என்று சொல்லி அடுத்த ஸ்லைடுக்குப் போனேன். அந்த மாட்யூல் வெளியாகி, எல்லோரும் முடித்து, சான்றிதழும் வாங்கிவிட்டார்கள். நான்தான் அந்த ஒரு வரிக்கு வேறு என்ன பதில் சொல்லியிருக்கலாம் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஆய்வகத்தில் ரசாயனங்களை எப்படிப் பிரித்து வைப்பது என்ற பயிற்சி. கடைசியில் ஒரு டிராக் அண்ட் டிராப் கேள்வி. இடப்பக்கம் பாட்டில்கள்: ஹைட்ரோகுளோரிக் அமிலம், நைட்ரிக் அமிலம், சோடியம் ஹைட்ராக்சைடு, ஹைட்ரஜன் பெராக்சைடு, அசிட்டோன், கிளேசியல் அசிட்டிக் அமிலம். வலப்பக்கம் நான்கு அலமாரிகள்: அமிலம், காரம், ஆக்சிஜனேற்றி (மற்ற பொருள்கள் எரிவதைத் தூண்டுவது), எளிதில் தீப்பற்றுபவை. இழுத்து வைத்து சப்மிட் அழுத்த வேண்டும், அவ்வளவுதான்.

இந்த வகைக் கேள்வியில் படம் வரைவதெல்லாம் வேலையே இல்லை. அமைப்புப் பெட்டியைத் திறந்தால்தான் வேலை ஆரம்பிக்கும். விட்ட பொருள் இலக்கின், அதாவது இங்கே அலமாரியின், நடுவில் போய் ஒட்டிக்கொள்ள வேண்டுமா, விட்ட இடத்திலேயே நிற்க வேண்டுமா? ஒரு இலக்கில் ஒன்றுக்கு மேல் வைக்கலாமா? சரி, தவறு என்ற நிறமாற்றத்தை உடனே காட்டுவதா, சப்மிட் வரைக்கும் தள்ளிப்போடுவதா? அப்புறம், பொருளைப் பழைய இடத்துக்குத் திருப்பி அனுப்புவது. அதற்குள் இரண்டு தேர்வு உண்டு. எந்த இலக்கிலும் விழாத பொருளை மட்டும் திருப்பி அனுப்பலாம். இல்லையென்றால், சரியான இலக்கில் விழாத எதையும் திருப்பி அனுப்பலாம். முதலாவதைப் போட்டால் தப்பான அலமாரியில் வைத்த பாட்டில் அங்கேயே உட்கார்ந்திருக்கும். இரண்டாவதைப் போட்டால் துள்ளிக்கொண்டு வந்துவிடும்.

நான் இரண்டாவதைப் போட்டேன். காரணம் இல்லாமல் போடவில்லை. சோதனை ஓட்டத்தில் பாதிப் பேர் போனில்தான் செய்தார்கள். விரலே பாட்டிலை மறைத்துவிடும். எங்கே விடுகிறோம் என்று அவர்களுக்கே தெரியாது. நான்கு அலமாரியும் ஒட்டி ஒட்டி இருந்தன. போதாக்குறைக்கு பாட்டில் படத்தைச் சுற்றியிருந்த வெற்றிடமும் பாட்டிலோடு சேர்த்தே கணக்கு. கொஞ்சம் சறுக்கினால் பக்கத்து அலமாரி. “நான் சரியாத்தான் வெச்சேன், தப்புன்னு காட்டுது” என்று வந்த புகார்களில் பல உண்மை. ரசாயனம் தெரிந்தவரை விரல் தடிமனுக்காகத் தோற்கடிப்பது என்ன நியாயம்? அந்த இரண்டாவது தேர்வைப் போட்டதும் புகார் நின்றுவிட்டது. இன்றைக்கு யாராவது கேட்டாலும் இந்தக் காரணத்தைத்தான் சொல்வேன்.

ஆனால் மேடம் பேசியது சறுக்கலைப் பற்றி அல்ல. நைட்ரிக் அமிலத்தைப் பற்றி.

அந்தப் பாட்டிலை அவர்தான் கேட்டு வாங்கி உள்ளே வைத்தார். பெயரிலேயே அமிலம் இருக்கிறது, அதனால் எல்லோரும் அமில அலமாரிக்குத்தான் கொண்டுபோவார்கள். ஆனால் அது வலுவான ஆக்சிஜனேற்றியும்கூட. கிளேசியல் அசிட்டிக் அமிலமும் பெயருக்கு அமிலம்தான். ஆனால் சுமார் 39 டிகிரி செல்சியஸிலேயே, தீப்பொறி பட்டால் அதன் ஆவி தீப்பிடிக்கும். இரண்டும் அமிலம்தானே என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்று கசிந்து மற்றதோடு கலந்தால் தீப்பிடிக்கலாம், வெடிக்கவும் செய்யலாம். கேள்வியின் உயிரே இந்த இரண்டு பாட்டில்தான். மற்றவை கூட்டத்துக்கு வந்தவை.

இதில் இன்னொரு சிக்கல். சில இடங்களில் நைட்ரிக் அமிலத்தை அமில அலமாரியிலேயே, தனித் தட்டில், மற்றவற்றோடு சேராமல் வைப்பார்கள். அதுவும் ஏற்கப்பட்ட முறைதான். “ரெண்டுல எங்க வெச்சாலும் சரின்னு போட முடியாதா?” என்று மேடம் முதலிலேயே கேட்டிருந்தார். எங்கள் மென்பொருளில் ஒரு பொருளுக்கு ஒரு இலக்குதான் சரி என்று குறிக்க முடியும். ஹெச்5பி என்ற இன்னொரு மென்பொருளில் ஒரே பொருளுக்குப் பல இலக்குகளைச் சரியென்று வைக்கலாம். ஆனால் நாங்கள் அதில் வேலை செய்யவில்லை. வேறு வழி வைத்துச் சுற்றிவளைத்துச் செய்திருக்கலாம்தான். கேள்வியில் “தனித் தட்டு வசதி இல்லை” என்று ஒரு வரி சேர்த்து முடித்துக்கொண்டோம். யாரும் அந்த வரியைப் படித்திருப்பார்கள் என்று நான் நம்பவில்லை.

ஆக, ஒருவர் நைட்ரிக் அமிலத்தை அமில அலமாரியில் வைக்கிறார். பாட்டில் துள்ளித் திரும்பி வருகிறது. சரி, இங்கே இல்லை போல என்று ஆக்சிஜனேற்றி அலமாரியில் வைக்கிறார். ஒட்டிக்கொள்கிறது. ஏன் என்று அவருக்குத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. எல்லாப் பாட்டிலும் ஒட்டிய பிறகுதான் சப்மிட் அழுத்துகிறார். அதனால் மதிப்பெண் எப்போதும் முழுசு. யார் என்ன மதிப்பெண் என்று பதிந்து வைக்கும் எல்எம்எஸ்-க்குப் போவது சப்மிட் நேரத்துப் பதிலும் முடிவும் மட்டுமே. நடுவில் எத்தனை தடவை துள்ளியது என்பது எங்கேயும் பதிவாகாது. இரண்டு அட்டெம்ப்ட் என்று நான் கவனமாக வைத்த அமைப்புக்கு அர்த்தமே இல்லாமல் போயிற்று.

பயிற்சிதானே, தேர்வு இல்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். துள்ளி வருவதும் ஒரு பாடம்தான். தப்பு என்று உடனே தெரிகிறதே. இது உண்மை. அதே மூச்சில், தேர்ச்சிக்கு 80 சதவீதம் என்று முதல் ஸ்லைடில் எழுதியதும் நான்தான் என்பது ஞாபகம் வரும்.

இதோடு நின்றிருந்தால் நான் மறந்திருப்பேன். பிரச்சினையைக் கிளப்பியது நான் பெருமைப்பட்டுக்கொண்ட வேறொரு வேலை.

மாற்றுத்திறனாளிகளும் இணையத்தைப் பயன்படுத்த முடிய வேண்டும் என்பதற்கான விதித்தொகுப்பு டபிள்யூசிஏஜி. 2023 அக்டோபரில் வந்த அதன் 2.2 பதிப்பில் இழுத்தல் பற்றித் தனி விதியே உண்டு, 2.5.7. இழுத்துத்தான் செய்ய முடியும் என்று எதையும் வைக்கக் கூடாது. இழுக்காமல் கிளிக்கிலோ தட்டலிலோ முடிக்க ஒரு வழி இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். விசைப்பலகையால் செய்ய முடிய வேண்டும் என்பது அதற்கும் முந்தைய விதி. அதனால் அதே கேள்விக்கு இன்னொரு வடிவம் செய்தேன்: ஒவ்வொரு பாட்டிலுக்கும் எதிரே ஒரு டிராப்டவுன், அதில் நான்கு அலமாரிகளின் பெயர். “இழுக்காமல் பதிலளிக்க” என்று ஒரு பட்டன். யாரும் சொல்லாமல், நானே நேரம் ஒதுக்கிச் செய்தது.

டிராப்டவுனில் எதுவும் துள்ளாது. தேர்ந்தெடுத்தது தேர்ந்தெடுத்ததுதான்.

ரிப்போர்ட் வந்தபோது தவறான விடைகள் எல்லாமே டிராப்டவுன் வடிவத்திலிருந்துதான் வந்திருந்தன. பெரும்பாலும் நைட்ரிக் அமிலம், அதற்கடுத்து அசிட்டிக் அமிலம். இழுத்துச் செய்தவர்கள் அத்தனை பேரும் முழு மதிப்பெண். கை நடுக்கம் உள்ளவர், விசைப்பலகை மட்டும் பயன்படுத்துபவர், திரைவாசிப்பான் பயன்படுத்துபவர் எல்லோரும் நிஜத் தேர்வு எழுதியிருக்கிறார்கள். மவுஸை நன்றாக இழுக்கத் தெரிந்தவர்களுக்கு வெறும் விளையாட்டு.

மேனேஜர் சாரின் செய்தி ஒரு வரிதான்: “டிராப்டவுன் கேள்வி கஷ்டமா இருக்கு போல, கொஞ்சம் ஈஸி பண்ணுங்க.” ஒரே கேள்விதான் சார், ஒரு எழுத்துகூட மாறவில்லை என்று எழுதினேன். “அப்போ அதுல மட்டும் ஏன் ஃபெயில் ஆகுறாங்க?” விளக்கினேன். விளக்கம் நீள நீள, நான் போட்ட அமைப்புக்கு எதிராக நானே வாதாடுவது போல ஆகிவிட்டது. மேடம் அந்த இழையில் ஒரே ஒரு பதில்தான் போட்டார்: “டிராப்டவுன்ல தப்பு பண்ணவங்க யாருன்னு தெரியுது, அவங்களுக்குச் சொல்லிக் கொடுத்துடலாம். மத்தவங்க?”

மத்தவங்க என்ற இடத்தில்தான் நான் மாட்டிக்கொண்டேன். டிராப்டவுனைத் தேர்ந்தெடுத்தவர்கள் ரசாயனத்தில் மோசம் என்று ஆகாது. அதை எதற்காகத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதே தெரியாது, மடிக்கணினி டச்பேடில் இழுக்க எரிச்சல்பட்டும் அந்தப் பட்டனை அழுத்தியிருக்கலாம். இழுத்தவர்களில் எத்தனை பேர் முதல் தடவையே சரியாக வைத்தார்கள், எத்தனை பேர் துள்ளலைப் பார்த்துப் பார்த்து வைத்தார்கள் என்று கண்டுபிடிக்க இனி வழி இல்லை. எல்லோருமே தெரிந்துதான் வைத்தார்கள் என்றும் இருக்கலாம். அப்படியும் நம்ப முடியும், ஆதாரம்தான் இல்லை.

அடுத்த பதிப்பில் நடுவழி ஒன்று செய்தேன். அலமாரிகளைத் தள்ளித் தள்ளி வைத்தேன், படத்தின் ஓரத்து வெற்றிடத்தை வெட்டினேன். எந்த அலமாரியிலும் விழாத பாட்டில் மட்டும் திரும்பும். தப்பான அலமாரியில் வைத்தது சப்மிட் வரை அங்கேயே இருக்கும். முதல் அட்டெம்ப்ட்டின் மதிப்பெண்தான் கணக்கு. தவறானால் ஏன் என்று ஒரு பத்தி வரும். விரல் சறுக்கல் குறைந்தது. தோல்விகள் கூடின. கூடியது அறியாமையா, மிச்சமிருக்கிற சறுக்கலா என்று பிரித்துச் சொல்ல இப்போதும் என்னால் முடியவில்லை. மேடம் சொன்னதை ஏற்றுக்கொண்டுதான் மாற்றினேனா, அந்த இழையில் பதில் சொல்ல முடியாமல் போனதால் மாற்றினேனா என்பதிலும் எனக்குத் தெளிவில்லை.

இந்த வாரம் மேனேஜர் சார் மறுபடி கேட்டிருக்கிறார், பழைய மாதிரியே மாற்றிவிடலாமா என்று. தேர்ச்சி விகிதம் குறைந்தது மேலதிகாரிகளுக்குப் போகும் ரிப்போர்ட்டில் தெரிகிறதாம். இரண்டு வடிவத்தையும் துள்ள விடலாம் அல்லது இரண்டையும் துள்ளாமல் விடலாம், ஒன்றை மட்டும் மாற்ற மாட்டேன் என்று பதில் எழுதி வைத்திருக்கிறேன். அனுப்புவதற்கு முன்னால் மேடத்திடம் காட்டலாமா என்று யோசிக்கிறேன். காட்டினால் அவர் முதலில் கேட்கப்போவது டிராப்டவுனை எப்படித் துள்ள வைப்பீர்கள் என்றுதான். அதற்கு என்னிடம் இன்னும் வழி இல்லை.