மெர்த்தேயை மட்டும் ஏன் திட்டுகிறோம்?

‘டேஞ்சரஸ் லியேசன்ஸ்’ என்ற ஆங்கிலப் படத்தைப் பார்த்தவர்களிடம் எப்படி இருந்தது என்று கேட்டால் பெரும்பாலும் இரண்டு பதில்தான் வருகிறது. “துணிமணி, மாளிகை எல்லாம் கண்ணைப் பறிக்குது” என்பது ஒன்று. “அந்தப் பொம்பளைக்கு நல்லா வேணும்” என்பது இன்னொன்று. புதுச்சேரி முத்தியால்பேட்டையில் அண்ணன் வீட்டு மொட்டைமாடியில், பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டுப் பெரியவர்கள் மட்டும் உட்கார்ந்து பார்த்தபோதும் இதையேதான் கேட்டேன். இரண்டாவது பதில் எனக்கு இன்னும் ஆறவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

பார்க்காதவர்களுக்குக் கதை சுருக்கமாக. புரட்சிக்கு முந்தைய பிரான்ஸ். மெர்த்தேய் என்ற விதவைச் சீமாட்டியும் வால்மோன் என்ற பிரபுவும் பழைய காதலர்கள். தன்னைக் கைவிட்டவனைப் பழிவாங்க, அவன் கட்டிக்கொள்ளப் போகிற செசில் என்ற சின்னப் பெண்ணைக் கெடுக்கச் சொல்கிறாள் மெர்த்தேய். வால்மோனுக்கோ பக்தியும் ஒழுக்கமுமாக வாழும் தூர்வெல் என்ற மணமான பெண்ணின் மேல் கண். இருவருக்கும் நடுவே ஒரு பந்தயம். கடைசியில் எல்லோருமே அழிகிறார்கள்.

1988ல் ஸ்டீபன் ஃப்ரியர்ஸ் எடுத்த படம். மூலக்கதை லாக்லோ என்ற பீரங்கிப்படை அதிகாரி 1782ல் வெளியிட்ட நாவல், முழுக்க 175 கடிதங்களாகவே எழுதப்பட்டது. அந்த வருடம் நம் பக்கத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. அதே 1782ல்தான் பிரெஞ்சுப் படை ஹைதர் அலியோடு சேர்ந்துகொண்டு கடலூரைப் பிடித்தது. நாம் தினமும் கடந்து போகிற சுஃப்ரேன் வீதிக்குப் பெயர் கொடுத்த பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி அப்போது இந்தக் கடலில்தான் ஆங்கிலேயக் கப்பல்களோடு மோதிக்கொண்டிருந்தார். அண்ணி திரையைப் பார்த்து “நம்ம ஒயிட் டவுன் மாதிரியே இருக்குல்ல?” என்றார். பிரெஞ்சுக்காரர்கள் குடியிருந்த பகுதி அது, சாயல் இருக்கிறதுதான். ஆனால் 1761ல் ஆங்கிலேயர்கள் நம் ஊரை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். இன்று மஞ்சள் பூச்சோடு நிற்பவற்றில் பெரும்பாலானவை அதற்குப் பிறகு எழும்பியவை. படத்தில் வருவதோ பாரிஸைச் சுற்றியுள்ள நிஜமான பழைய மாளிகைகள்.

சரி, துணிமணிக்கு வருகிறேன். நான் தையல்காரி, கல்யாண பிளவுஸ்களுக்கு ஆரி வேலை செய்வது தொழில். அதனால் முதல் ஐந்து நிமிடத்தை மட்டும் தனியாகத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். வசனமே கிடையாது. மெர்த்தேய் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துத் திருப்தியாக லேசாகச் சிரிக்கிறாள். அப்புறம் வேலைக்காரிகள் வந்து பவுடர் போடுகிறார்கள், கச்சை இறுக்கிக் கட்டுகிறார்கள், அவளை அந்த உடைக்குள் அடைக்கிறார்கள். அங்கே இன்னொரு வீட்டில் வால்மோனுக்கு ஒரு கூட்டமே அலங்காரம் செய்கிறது. பொய்முடிக்குப் பவுடர் ஊதும்போது அவன் முகத்தை ஒரு மறைப்பால் மூடிக்கொள்கிறான். அதை இறக்கும்போதுதான் முதல்முறையாக அவன் முகமே நமக்குத் தெரிகிறது. இருவரும் போருக்குக் கவசம் மாட்டிக்கொள்கிற மாதிரி இருக்கிறது. இது வெறும் ஆடம்பரம் என்று சொன்னால் ஒரு தையல்காரியாக நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்தக் கச்சைக் கட்டினால் குனிய முடியாது, பின்னால் சாய முடியாது, மூச்சு மேல்நெஞ்சோடு நின்றுவிடும். அப்படி நிமிர்ந்தே உட்காரப் பழகியவளுக்கு முகத்தையும் கட்டுப்பாட்டில் வைக்க வந்துவிடும். தூர்வெலுக்குக் கொடுத்திருக்கிற உடையைக் கவனியுங்கள். வெளிர் நிறம், கழுத்து மூடிய மேல்துணி. அவள் மனம் கலையக் கலைய நமக்கு அந்தத் துணி மேலேதான் கண் போகிறது. உடை வடிவமைத்த ஜேம்ஸ் அச்சசனுக்கு இதற்காக ஆஸ்கர் கிடைத்தது. அதற்கு முந்தைய வருடமும் அவருக்குத்தான். கலை இயக்கம், திரைக்கதை இரண்டுக்கும் சேர்த்துப் படத்துக்கு மொத்தம் மூன்று ஆஸ்கர்.

வால்மோனாக வரும் ஜான் மால்கோவிச்சைப் பற்றி எதிர்வீட்டு அக்காவுக்குப் பெரிய மனக்குறை. “இந்த மூஞ்சிக்கா எல்லாரும் மயங்குறாங்க?” இதைப் பல பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். எனக்கு அதுதான் சரியான தேர்வு. அழகன் வந்து மயக்கினால் அதில் பார்க்க என்ன இருக்கிறது? இவன் பேச்சாலும், அவசரமே காட்டாத நடையாலும், எதிரே இருப்பவள் என்ன கேட்க ஏங்குகிறாள் என்று மோப்பம் பிடிக்கிற புத்தியாலும் ஜெயிக்கிறான். அதைப் பார்க்கத்தான் பயமாக இருக்கிறது. அழகான வால்மோன் வேண்டுமென்றால் மிலோஷ் ஃபோர்மன் 1989ல் இதே கதையை எடுத்த படத்தில் காலின் ஃபர்த் இருக்கிறார்.

பிரெஞ்சு ராணுவப் பென்ஷன் வாங்குகிற சித்தப்பாவுக்கு, ழான் மோரோ நடித்து 1959ல் வந்த கறுப்பு வெள்ளைப் படம்தான் ஒசத்தி. அதோடு நிறுத்தியிருக்கலாம். “என்ன இருந்தாலும் வால்மோன் கடைசியில காதலுக்காக உயிரை விட்டான் பாரு, அவன் மனுஷன்” என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். என் சண்டை இங்கேதான்.

அவன் என்ன செய்தான்? தூர்வெல் குடும்பம், பக்தி, நிம்மதி எல்லாவற்றையும் விட்டு அவனை நம்பி வந்தாள். மெர்த்தேய் சீண்டினாள் என்பதற்காக, ‘என் கையில் எதுவும் இல்லை’ என்ற பொருளில் ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லி அவளை உதறுகிறான். அவள் கன்னியர் மடத்தில் கிடந்து சாகிறாள். செசில் விஷயம் இன்னும் மோசம். கல்லூரி முடித்த அண்ணன் மகள் அந்த இடத்தில் எழுந்தே விட்டாள். “திருட்டுச் சாவி போட்டு ராத்திரியில ரூமுக்குள்ள வர்றான். அவ வேண்டாம்னு சொல்றா. இதை மயக்குறதுன்னு எப்படி அத்தை சொல்றாங்க? இது குற்றம்.” அவள் சொன்னது முழுக்கச் சரி. மறுநாள் அழுது வீங்கிய முகத்தோடு இருக்கும் செசிலிடம் இதையெல்லாம் ரசிக்கக் கற்றுக்கொள் என்று புத்தி சொல்பவள் மெர்த்தேய்தான். அவளை நான் நல்லவள் என்று சொல்லவே இல்லை. இரண்டு பேரும் சேர்ந்து செய்த பாவம் அது. ஆனால் கணக்கு எப்படி முடிகிறது?

பனியில் நடக்கும் வாள்சண்டையில் அடிபட்டுச் சாகும் வால்மோன், மெர்த்தேய் எழுதிய கடிதங்களை எதிராளியிடமே கொடுத்து ஊரெல்லாம் பரவச் செய்கிறான். அவளைப் பற்றி ஊருக்குத் தெரிகிற அதே நேரம் அவனைப் பற்றியும் தெரிகிறது. அவனோ செத்துப்போய், காதல் சேதி சொல்லி அனுப்பி, மன்னிப்பு வாங்கிவிடுகிறான். உயிரோடு இருக்கும் அவளைப் பார்த்து நாடக அரங்கமே எழுந்து கூச்சல் போடுகிறது. நாவலில் லாக்லோ இன்னும் கொடுமை செய்திருந்தார்: வழக்கில் சொத்தைப் பறித்து, அம்மை போட்டு ஒரு கண்ணையும் எடுத்து அவளை ஊரைவிட்டே ஓட வைத்தார். திரைக்கதை எழுதிய கிறிஸ்டோபர் ஹாம்ப்டன் அதையெல்லாம் படத்தில் விட்டுவிட்டு அந்தக் கூச்சலை மட்டும் வைத்தது பெரிய புத்திசாலித்தனம். மொட்டைமாடியில் “நல்லா வேணும்” என்ற குரல் எழுந்தது சரியாக அந்த நிமிடத்தில்தான்.

எனக்கு அப்போது வேறொருத்தி ஞாபகம் வந்தாள். யாரென்று சொல்ல மாட்டேன். எங்கள் பக்கத்தில் சில வருடம் முன்பு ஒரு விவகாரம் வெளியே வந்தது. அந்த ஆளுக்குக் கோயில் திருவிழாவில் இன்றைக்கும் மாலை மரியாதை நடக்கிறது. அவள் ஒரே மாதத்தில் ஊரைவிட்டுப் போய்விட்டாள். மயில்கழுத்து நிறத்தில் பட்டுத் துணி கொடுத்திருந்தாள். கழுத்து வெட்டி, ஒரு கைக்கு ஆரி வேலை முடித்திருந்தேன். வாங்கிப் போக அவள் வரவில்லை, தம்பி வந்தான். பாதியில் நின்றதை அப்படியே மடித்துக் கொடுத்தேன், கூலி வாங்கவில்லை.

மெர்த்தேயைப் புரிந்துகொள்ள ஒரு காட்சி போதும். பதினைந்து வயதில் சபையில் நுழைந்தபோது, வாயை மூடிக்கொண்டு சொன்னதைச் செய்வதுதான் தனக்கு விதிக்கப்பட்டது என்று தெரிந்துகொண்டதாக வால்மோனிடம் சொல்கிறாள். மேசைக்கு மேலே சிரித்த முகம், மேசைக்கு அடியில் முள்கரண்டியால் தன் கையையே குத்திக்கொண்டு பழகியிருக்கிறாள். மெர்த்தேயாக நடித்த க்ளென் க்ளோஸ் இதைப் பெருமையோடு சொல்கிறார், இரக்கம் கேட்கிற தொனியே இல்லை. அந்தப் பெருமைதான் என்னை உலுக்கியது. ஆணாகப் பிறந்த வால்மோனுக்கு இந்தப் பயிற்சி எதுவும் தேவைப்படவில்லை. அவன் கெட்ட பெயரோடேயே எல்லா வீட்டுக்குள்ளும் நுழைய முடிந்தது. அவளுக்கு நல்ல பெயர் இல்லாவிட்டால் ஒரு வாசலும் திறக்காது.

அண்ணன் மகள் இதிலும் என்னோடு சண்டை. “நீங்க அந்தம்மாவுக்கு வக்காலத்து, தாத்தா அந்த ஆளுக்கு வக்காலத்து. செசிலைப் பத்தி யாராவது பேசுனீங்களா?” நியாயமான கேள்வி. படமே அந்தப் பெண்ணைப் பாதியில் சிரிப்புக்கு உரியவளாக்கிவிட்டு நகர்ந்துவிடுகிறது. இந்தப் படத்தில் எனக்குப் பிடிக்காத இடமும் அதுதான்.

இதே கதையைப் பதினெட்டாம் நூற்றாண்டுக் கொரியாவில் நடப்பதாக 2003ல் எடுத்திருக்கிறார்கள். அடுத்து அதைத்தான் போடச் சொல்லியிருக்கிறேன். கொரியர்களின் அந்தப் பட்டு உடையில் இந்த ஐரோப்பியக் கச்சு கிடையாது. அதற்குள் இருந்துகொண்டு மெர்த்தேய் மாதிரி ஒருத்தி எப்படி நிமிர்ந்து நிற்கிறாள், கடைசியில் அவளை என்ன செய்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். சித்தப்பாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.