மூச்சை வெளியே விட்டு எடுக்கும் படம்

நுரையீரல் மாற்று அறுவை முடிந்து ஊட்டிக்கோ குன்னூருக்கோ திரும்பியவர்களின் ஃபைலைப் புரட்டினால், சி.டி. ஸ்கேன் ரிப்போர்ட் நாலைந்தாவது இருக்கும். பெரும்பாலும் எல்லாமே மூச்சை இழுத்துப் பிடித்து எடுத்தவை. படம் பளிச்சென்று இருக்கும், ஆனால் வரப்போகிற ஆபத்தைப் பற்றி அதிகம் பேசாது. பேசுகிற படம் வேறு. மூச்சை முழுக்க வெளியே விட்டு, அப்படியே நிறுத்தி எடுப்பது அது. கேட்டு வாங்க வேண்டியதும் அதைத்தான்.

மாற்று நுரையீரல் பெற்றவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு 5 வருஷத்துக்குள் 'கிளாட்' என்கிற நாள்பட்ட செயலிழப்பு வந்துவிடுகிறது. ஸ்பைரோமெட்ரி என்ற ஊதிப் பார்க்கும் சோதனையில் முதல் ஒரு விநாடியில் ஊதும் காற்றின் அளவு, அதாவது எஃப்இவி1, தன் உச்ச அளவிலிருந்து 20 சதவீதமோ அதற்கு மேலோ குறைந்து, அதற்கு வேறு காரணமும் கிடைக்காவிட்டால் கிளாட் என்று சந்தேகிப்பார்கள். உச்ச அளவு என்பது அறுவைக்குப் பின் கிடைத்த மிக நல்ல இரண்டு அளவுகளின் சராசரி. அந்த இரண்டுக்கும் நடுவே 3 வாரமாவது இடைவெளி வேண்டும்.

எஃப்இவி1 குறைந்தது என்பதோடு ஸ்பைரோமெட்ரி நின்றுவிடும். கிளாடில் எந்த வகை என்பதைச் சொல்லப் படம் வேண்டும். பிஓஎஸ் என்ற வகையில் மூச்சு நுண்குழல்கள் தழும்பேறிச் சுருங்குகின்றன. காற்று உள்ளே போகும், வெளியே வராது. ராஸ் என்ற வகையில் நுரையீரலே இறுகிச் சுருங்குகிறது. மொத்தக் கொள்ளளவு 10 சதவீதமோ அதற்கு மேலோ குறையும், படத்தில் விலகாத வெண்படலம் தெரியும். பிஓஎஸ் தொடங்கியபின் ஆயுள் பொதுவாக 3 முதல் 5 வருஷம். ராஸ் என்றால் 6 முதல் 18 மாதம். இவ்வளவு வித்தியாசம் ஒரு ஸ்கேனில் தெரியும்போது அதை அரைகுறையாக எடுப்பதில் அர்த்தமே இல்லை.

சி.டி.யில் ஒவ்வொரு புள்ளிக்கும் அதன் அடர்த்தியைச் சொல்லும் ஹவுன்ஸ்ஃபீல்டு எண் உண்டு. தண்ணீர் 0, காற்று -1000. மூச்சை இழுத்த நல்ல நுரையீரல் -850 பக்கம் நிற்கும். மூச்சை விட்டதும் காற்று குறைந்து -700 வரை ஏறும், படத்தில் வெளுக்கும். காற்று மாட்டிக்கொண்ட பகுதி மட்டும் வெளுக்காமல் கருப்பாகவே கிடக்கும். வெளிமூச்சுப் படத்தில் -856-க்குக் கீழே நிற்கும் புள்ளிகளைக் காற்றுத் தேக்கம் என்று எண்ணுவது வழக்கம்.

இரண்டு படங்களையும் மென்பொருளில் ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருத்தி, புள்ளிக்குப் புள்ளி ஒப்பிடும் முறையும் உண்டு. உள்மூச்சில் -950-க்கு மேலே, வெளிமூச்சில் -856-க்குக் கீழே இருந்தால் அந்தப் புள்ளியில் நுண்குழல் நோய் என்று கணக்கு. மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் 2012-ல் சிஓபிடி என்ற நாள்பட்ட மூச்சடைப்பு நோயாளிகளுக்காக வெளியிட்ட முறை இது. மாற்று நுரையீரலில் இதே முறையை வைத்து அவர்கள் செய்த ஆய்வு 2017-ல் வந்தது. எஃப்இவி1 குறைந்தவர்களில் யாருக்கு உயிர்பிழைக்கும் வாய்ப்பு குறைவு என்று பிரித்துப் பார்க்க அது உதவியது.

கோட்டைவிடுவது பெரும்பாலும் மென்பொருளில் இல்லை, ஸ்கேன் மேஜைமேல்தான். இயந்திரத்தில் பதிவுசெய்த குரல் ஆங்கிலத்திலோ இந்தியிலோ மூச்சைப் பிடிக்கச் சொல்லும். படுத்திருக்கும் பெரியம்மா பழக்கதோஷத்தில் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்வார். வெளிமூச்சுப் படம் என்று பெயர்போட்டு இன்னொரு உள்மூச்சுப் படம் வந்து சேரும். பதிவுக்குரலை அணைத்துவிட்டு மைக்கில் தமிழில் சொல்வதே மேல்: "ஊதுங்கம்மா... இன்னும் ஊதுங்க... இன்னும்... அப்படியே நிறுத்துங்க." இதை மேஜையில் ஏற்றுமுன் மூன்று தடவையாவது செய்து பழக்க வேண்டும். படுகர் வீட்டுப் பெரியவர் என்றால் கூட வந்தவரை விட்டே அவர்கள் மொழியில் விளக்கச் சொல்லலாம். ஊதி முடித்தபின் மூச்சு வாங்குகிறவர் சில விநாடிக்குமேல் தாங்கமாட்டார். அதனால் கீழிருந்து மேலாக ஸ்கேன் செய்வது நல்லது. உதரவிதானத்தை ஒட்டிய அடிப்பகுதிதான் அதிகம் அசையும், அது முதலில் முடிந்துவிடும்.

உண்மையிலேயே ஊதினாரா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. மூச்சுக்குழாயின் முன்பக்கம் குருத்தெலும்பு, பின்பக்கம் மெல்லிய சவ்வு. உள்மூச்சில் குழாய் வட்டமாக இருக்கும். நன்றாக ஊதியிருந்தால் பின்சுவர் உள்ளே குழிந்து குழாய் பிறை போலத் தெரியும். வட்டமாகவே இருந்தால் ஆளை இறக்கிவிடாமல் இன்னொரு முறை எடுங்கள்.

துண்டு 1 மி.மீ. கனம், கான்ட்ராஸ்ட் மருந்து ஊசி வேண்டாம். புள்ளிகளை எண்ணுவதற்கு சாஃப்ட் கெர்னல். கெர்னல் என்பது படத்தை மென்மையாகவோ கூர்மையாகவோ உருவாக்கும் கணினி செட்டிங். ஷார்ப் கெர்னல் கண்ணுக்குத் துல்லியமாக இருந்தாலும் இரைச்சல் கூடி, -950-க்குக் கீழே இல்லாத புள்ளிகளையும் கீழே தள்ளிவிடும். போன தடவை ஒரு கெர்னல், இந்தத் தடவை வேறொன்று என்றால் நோய் முற்றியதா, செட்டிங் மாறியதா என்று யாராலும் சொல்ல முடியாது. முடிந்தால் ஒரே இயந்திரம், ஒரே செட்டிங். ஒப்பிடுவதற்கான முதல் ஜோடிப் படத்தை, ஊதும் அளவு உச்சத்தை எட்டி நிலைத்திருக்கும் சமயத்திலேயே எடுத்து வைத்துவிட வேண்டும். சரிந்தபின் எடுத்தால் எதோடு ஒப்பிடுவது?

தவறான எச்சரிக்கைகளும் வரும். ஜூலை சாரலில் சளி பிடித்திருக்கும்போது எடுத்த படத்தில் தெரியும் வெண்படலத்தை வைத்து ராஸ் என்று முடிவுகட்டக்கூடாது. தொற்றுக்கு மருந்து கொடுத்து, ஆறியபின் மறுபடி பார்க்க வேண்டும். ஒரு மடல் முழுக்கக் காற்றுத் தேக்கம் என்றால் தையல் போட்ட இடத்தில் குழாய் குறுகியிருக்கலாம், அதை பிராங்கோஸ்கோபி, அதாவது மூச்சுக்குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்க்கும் சோதனை, உறுதிசெய்யும். ஒரு பக்கம் மட்டும் மாற்றியவர்களுக்குப் பழைய நுரையீரலைத் தனியாகப் பிரித்துக் கணக்கிட வேண்டும். சேர்த்து எண்ணினால் பழையதன் எம்பைசிமா, அதாவது காற்றறைகள் சிதைந்த நோய், புதியதன் தலையில் விழும்.

அறுவைக்கு முன் எடுக்கும் சி.டி.யில் சதையையும் அளக்கலாம். -29 முதல் +150 வரையுள்ள புள்ளிகள் தசை. வயிற்றில் மூன்றாவது இடுப்பு முள்ளெலும்பு மட்டத்தில் அளப்பது வழக்கம். மார்பு ஸ்கேன் அவ்வளவு கீழே போகாது என்பதால் பன்னிரண்டாவது மார்பு முள்ளெலும்பு மட்டத்தில் முதுகுத் தசையை அளக்கிறவர்களும் உண்டு. பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர் எடை குறையாமல் இருப்பார், சதை கரைந்து கொழுப்பு ஏறியிருக்கும். எடைமெஷின் அதைக் காட்டாது. ஆனால் இந்த அளவை வைத்து ஆயுளைக் கணிப்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. ஒருவரை மாற்று அறுவைக்கான காத்திருப்புப் பட்டியலிலிருந்து தள்ளுவதற்கு இதைக் காரணமாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. உடற்பயிற்சியும் புரதமும் உடனே தொடங்கச் சொல்ல இது போதும்.

மலைக்காரர்கள் கேட்கும் கேள்வி ஒன்று: உயரத்தால் ஸ்கேன் எண் மாறுமா? ஊட்டி சுமார் 2,240 மீட்டர். காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்கு சொச்சம். இதனால் ஹவுன்ஸ்ஃபீல்டில் வரும் மாற்றம் 1 எண்கூட இல்லை. பல்ஸ் ஆக்ஸிமீட்டர் கதை வேறு. ஊட்டியில் 6 நிமிஷ நடையில் வரும் ஆக்ஸிஜன் அளவு கோயம்புத்தூரில் வருவதைவிடக் குறைவாகவே இருக்கும். எந்த ஊரில் அளந்தது என்று ரிப்போர்ட்டில் எழுதாவிட்டால், சென்னையில் அதைப் படித்துப் பார்க்கும் டாக்டர் மாற்று நுரையீரல் கெடுகிறது என்று நினைக்க இடமுண்டு.

ஸ்கேன் சென்டரில் ஃபிலிமோடு வந்துவிடாதீர்கள். ஃபிலிமில் எண்ணும் இல்லை, 1 மி.மீ. துண்டுகளும் இல்லை. தென்மேற்குப் பருவ ஈரத்தில் பீரோவுக்குள் ஒன்றோடொன்று ஒட்டியும் போகும். படங்களை ஏற்றிய குறுந்தகடு கேளுங்கள். அதில் 5 மி.மீ. துண்டுகளை மட்டும் ஏற்றிக் கொடுப்பது வாடிக்கை, 1 மி.மீ. துண்டுகளும் இரண்டு மூச்சுப் படங்களும் இருக்கின்றனவா என்று அங்கேயே திறந்து பார்த்துவிட்டு, ஒரு பென்டிரைவிலும் நகல் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.