ஏயூஆர் பொதியா? முதலில் பிகேஜிபில்டைப் படியுங்கள்

ஆர்ச் லினக்ஸ் இயங்குதளத்தின் ஏயூஆரில் (AUR, பயனர்கள் பொதிகளைப் பகிரும் களஞ்சியம்) இருப்பது தயார் மென்பொருள் அல்ல. மென்பொருளை எப்படிக் கட்டுவது என்று சொல்லும், பயனர்கள் எழுதி ஏற்றிய பிகேஜிபில்ட் (PKGBUILD) என்னும் பேஷ் ஸ்கிரிப்ட். அதை ஓட்டப்போவது உங்கள் கணினி.

கட்டுவதற்கான கருவிகள் அடங்கிய பேஸ்-டெவெல் (base-devel) தொகுப்பை நிறுவிவிட்டு, பொதியின் கிட் (git) களஞ்சியத்தைக் குளோன் செய்யுங்கள், அதாவது உங்கள் கணினிக்கு நகலெடுங்கள். பிகேஜிபில்டைத் திறந்ததும், கோப்பு எங்கிருந்து இறங்கும் என்று சொல்லும் சோர்ஸ் (source) வரிக்குப் போங்கள். முகவரி அந்த மென்பொருளின் சொந்தத் தளமா, யாரோ ஒருவரின் தனிக் கணக்கா? செக்சம் (கோப்பு மாறவில்லை என்று சரிபார்க்கும் குறியீடு) இருக்கவேண்டிய இடத்தில் 'ஸ்கிப்' (SKIP) என்றிருந்தால், இறங்கும் கோப்பு சரிபார்க்கப்படாது. கிட்டிலிருந்து நேராக எடுக்கும் பொதிகளில் இது இயல்பு. சாதாரண டார் (tar) தொகுப்புக் கோப்புக்கு இருந்தால் நிறுத்திவிடுங்கள். டாட் இன்ஸ்டால் (.install) கோப்பு இருந்தால் அதையும் கட்டாயம் படியுங்கள். அது ரூட் உரிமையில், அதாவது கணினியின் முழு அதிகாரத்தோடு ஓடும். 2018 ஜூலையில், கைவிடப்பட்டிருந்த அக்ரோரீட் (பிடிஎஃப் படிக்கும் மென்பொருள்) பொதியைத் தத்தெடுத்த ஒருவர் பிகேஜிபில்டில் செருகியது ஒரே ஒரு கர்ல் (curl) கட்டளை வரிதான். வெளியிலிருந்து ஸ்கிரிப்டை இறக்கி ஓட்ட அதுவே போதுமாக இருந்தது. ஆகவே ஒவ்வொரு புதுப்பிப்பிலும் என்ன மாறியது என்று கிட் டிஃப் (git diff) பாருங்கள்.

பிறகு பொதியைக் கட்டி நிறுவ மேக்பிகேஜி கட்டளை, எஸ்ஐ விருப்பத்துடன் (makepkg -si). முன்னால் சூடோ (sudo) போடாதீர்கள், ரூட்டாக ஓட மறுத்துவிடும்.

கணினியைப் புதுப்பித்த மறுநாள், ஏயூஆரிலிருந்து நிறுவிய நிரல் ஒன்று, ஷேர்டு லைப்ரரி (பல நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் நூலகம்) கிடைக்கவில்லை என்று நின்றுபோகலாம். அது பழைய நூலகப் பதிப்போடு கட்டப்பட்டது. பெரும்பாலும் அதே பொதியை மறுபடி கட்டினாலே சரியாகிவிடும்.