ஆறாம் படியில் சவுத்போர்ட்: முதல் பருவக் கணக்கு

ஜனவரி நடுப்பகுதியில் என் முன்கள வீரன் போய்விட்டான். பதினான்கு கோல் அடித்தவன். நான் ஆடும் கால்பந்துக் கணினி விளையாட்டின் இன்பொக்ஸில் இரண்டே வரி: ஐந்தாம் படிக் கழகம் ஒன்றில் சேர்ந்துவிட்டான், எங்களுக்கு நட்டஈடு எதுவும் இல்லை. அப்போது நாங்கள் மூன்றாம் இடத்தில் நின்றோம்.

எப்படி இந்த நிலைக்கு வந்தேன் என்று முதலில் சொல்கிறேன். ஒரு கால்பந்துக் கழகத்தின் முகாமையாளராக ஆடும் ஃபுட்போல் மனேஜர் 24 என்ற விளையாட்டில் பெரிய கழகங்களை எடுத்து, காசைக் கொட்டி, கோப்பை தூக்கி அலுத்துப்போயிருந்தது. இந்தமுறை இங்கிலாந்துக் கால்பந்தில் மேலிருந்து ஆறாம் படி, நஷனல் லீக் நோர்த். மேலதிகக் கோப்புகள் எதையும் இறக்காமல் இங்கிலாந்தில் எடுத்து விளையாடக்கூடிய ஆகக் கீழான படி அதுதான். அதில் சவுத்போர்ட்டைத் தேர்ந்தேன். கடற்கரை ஊர், மஞ்சள் சட்டை. யாழ்ப்பாணக் கடலோரத்துக் குருநகர்க்காரனுக்கு அது போதும். இன்னொரு காரணமும் உண்டு. 1978இல் மற்றக் கழகங்கள் வாக்களித்து சவுத்போர்ட்டை மேல் நான்கு படிகளான ஃபுட்போல் லீக்கில் இருந்து வெளியேற்றி, அந்த இடத்தை விகன் அத்லெற்றிக்குக் கொடுத்தன. தோற்றுக் கீழே இறங்குவது வேறு, கை தூக்கி இறக்கிவிடுவது வேறு. திரும்ப மேலே ஏற்றிப் பார்க்கலாம் என்று ஒரு வீம்பு.

இந்த லீக்கில் 24 கழகங்கள், ஆளுக்கு 46 ஆட்டம். முதலிடம் நேரே மேலே போகும், இரண்டு முதல் ஏழு வரை மேலே போக இன்னொரு இடத்துக்கான பிளே ஓஃப் ஆட்டங்கள், கடைசி நான்கும் கீழே. லண்டனுக்குப் பக்கத்தில் இருக்கும் பிஷப்ஸ் ஸ்டோர்ட்ஃபோர்ட்டையும் அந்தப் பருவத்தில் 'வடக்கு' என்று போட்டிருந்தார்கள். வவுனியா ரீமைத் தீவகச் சுற்றுப்போட்டியில் சேர்த்த மாதிரி.

தொடக்கத்தில் செய்த மடத்தனம், கெகன்பிரஸ்: பந்தை இழந்த உடனே எல்லாரும் ஓடி நெருக்கிப் பறிக்கும் ஆட்டம். பெரிய கழகத்தில் பழகிய கை, அதே ஆட்டமுறையை அப்படியே போட்டேன். என் ஆட்களில் பாதிப்பேர் பகுதிநேரம், வாரத்தில் இரண்டு நாள்தான் பயிற்சி. எழுபதாவது நிமிடத்தில் வீரரின் களைப்பைக் காட்டும் இதயக் குறி எல்லாருக்கும் செம்மஞ்சளாகி, எழுபத்தைந்தில் கோல் வாங்குவோம். செப்டம்பர் முடிய இரண்டு பேர் தொடைத் தசை பிடித்து வெளியே. பிறகு பழைய 4-4-2க்கு இறங்கினேன். நீளப் பந்து, முன்னால் ஒரு உயர்ந்தவன், பக்கத்தில் ஒரு ஓட்டக்காரன். அழகில்லைதான். ஆனால் மார்கழி, தை மழையில் மைதானம் சேறாகிப் பந்து உருளாதபோது, குறும் பாஸ் ஆடவந்த எதிரணிகள் திணறுவதைப் பார்க்க ஒரு திருப்தி.

ஆள் பிடிக்கும் வேலைதான் ஆகச் சுவையானது. சம்பளக் காசு இல்லை, ஆள் தேடித் தர ஒருவர்தான். கழகம் இல்லாமல் நிற்பவர்களைக் கும்பலாக 'ட்ரயல்' கூப்பிட்டு, சில வாரம் வைத்துப் பார்த்தால் மறைந்திருக்கும் இலக்கங்கள் தெரியவரும். இருபதுக்கு ஏழு, எட்டு என்றே எல்லாம் இருக்கும். நான் பார்ப்பது இரண்டே இரண்டு: பேஸ் (ஓட்ட வேகம்), அக்ஸலரேஷன் (வேகம் பிடிக்கும் திறன்). இந்தப் படியில் தடுப்பாளர்கள் திரும்புவதற்குள் ஒரு பட்டம் ஏற்றி இறக்கலாம். முதல் தொடுகை ஐந்து என்றாலும் பரவாயில்லை, ஓடத் தெரிந்தால் கோல் வரும்.

ஜனவரியில் போன அந்த முன்கள வீரனும் அப்படித்தான் வந்தான். பேஸ் 14. சம்பள வரம்பு முட்டிவிட்டதால் 'நொன் கொன்ராக்ட்' முறையில் எடுத்தேன், ஆடிய ஆட்டத்துக்கு மட்டும் காசு. அதன் மறுபக்கத்தை யோசிக்கவில்லை. நாங்கள் எந்த நேரமும் அவனை விடலாம், அவனும் எந்த நேரமும் போகலாம். ஒக்டோபரில் கேட்டிருந்தால் வாரம் 250 பவுணுக்குக் கையெழுத்து வைத்திருப்பான். நான் அப்போது மூலை உதைக்கு யாரை எங்கே நிறுத்துவது என்று இரவிரவாக வரைந்துகொண்டிருந்தேன். டிசம்பரில் கேட்டேன், 600 என்றான்.

சின்னம்மாவின் மகனிடம் இதைச் சொன்னேன். கணினி விளையாட்டு அவருக்கு ஆகாது, ஆனால் பதினைந்து வருடம் ஊர்க் கழகத்துக்கு ஆடியவர்.

"டேய், ஒரு கடதாசியும் இல்லாமலோ உவனை நம்பி ரீம் கட்டினனீ?"

"அண்ணை, சம்பளத்துக்கு இடம் இருக்கேல்லை."

"எங்கட சுற்றுப்போட்டிக்கு வெளியில இருந்து இறக்கிற பெடியளும் உப்பிடித்தான். அரையிறுதிக்கு எங்களோட வருவாங்கள். இறுதியாட்டத்தில பாத்தால் மற்றப் பக்கத்துச் சட்டையோட நிப்பாங்கள்."

சிரித்துக்கொண்டே சொன்னார், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவன் போனபிறகு ஆறு ஆட்டத்தில் ஒரே ஒரு வெற்றி. மழையால் தள்ளிப்போன மூன்று ஆட்டங்களும் மார்ச்சில் வந்து குவிந்தன. சனி, செவ்வாய், சனி, செவ்வாய். இதற்கு நடுவில், விளையாட்டுக்கு வெளியே, 2025 பெப்ரவரி 9. எங்கோ தெற்கில் ஒரு குரங்கு மின்நிலையத்துக்குள் போய் நாடு முழுக்க மின்சாரம் நின்றதே, அந்த ஞாயிறு. என்னுடையது பழைய மேசைக் கணினி. சேமிக்க நேரம் எடுக்கிறது என்று தானியங்கிச் சேமிப்பை மாதத்துக்கு ஒருமுறை என்று வைத்திருந்தேன். நான்கு ஆட்டம் காற்றோடு போனது. அதில் ஒன்று டார்லிங்டனுக்கு எதிரான 4-0. திரும்ப ஆடியபோது அதே ஆட்டம் 1-2. இப்போது வாரத்துக்கு ஒருமுறை சேமிக்கிறேன்.

கடைசியில் எங்களைக் காப்பாற்றியது அந்த மூலை உதைகள்தான். தூரக் கம்பத்தில் உயர்ந்த மத்திய தடுப்பாளனை நிறுத்தி, கோல் காப்பாளர் முன்னால் ஒரு தடியனை வைத்தேன். ஏப்ரல் மாதம் மட்டும் அப்படி ஐந்து கோல். ஆறாம் இடத்தில் முடித்தோம். பிளே ஓஃப் முதல் ஆட்டம் ஐந்தாம் இடத்தவரின் மைதானத்தில், ஒற்றை ஆட்டம். 0-1. எண்பத்தெட்டாவது நிமிடம் எங்கள் ஓட்டக்காரன் தனியாகப் போய்க் கம்பத்தில் அடித்தான். பக்கத்து அறையில் அம்மா எழும்பி, என்னடா சத்தம் என்று கேட்டார்.

இரண்டாம் பருவம் இப்போது ஓகஸ்டில் நிற்கிறது. இந்தமுறை சம்பளத்தில் மூவரைக் குறைத்து, மிச்சம் இருப்பவர்கள் எல்லாருக்கும் கையெழுத்து வாங்கியாகிவிட்டது, பதினெட்டு வயதுக் கோல் காப்பாளனுக்கு இரண்டு வருடம். போனவனின் புதுக் கழகம் ஐந்தாம் படியில் இருந்து விழுந்து எங்கள் லீக்கிற்கே வந்திருக்கிறது. ஒக்டோபரில் எங்கள் மைதானமான ஹேக் அவெனியூவுக்கு வருகிறார்கள். அவன் பெயருக்குப் பக்கத்தில், அவனை விட்டு விலகாமல் மறித்து ஆட என் தடுப்பாளன் ஒருவனைக் குறித்து வைத்திருக்கிறேன், என் ஆளுக்குப் பேஸ் 9தான்.