டார்ச்சும் சுருதி மாறாத குரலும்: டிவைசிஸ்–வெஸ்ட்மின்ஸ்டர் படகுப் போட்டி

ஈஸ்டர் வார இறுதியில் இங்கிலாந்தில் இருந்தால், லண்டன் பாடிங்டனில் ரயிலேறி கிரேட் பெட்வினில் இறங்குங்கள். ஸ்டேஷனை ஒட்டியே கென்னட்–ஏவன் கால்வாய் ஓடுகிறது. டிவைசிஸ் ஊரிலிருந்து வெஸ்ட்மின்ஸ்டர் பாலம் வரை நடக்கும் கயாக் என்னும் துடுப்புப் படகுப் போட்டி இந்த வழியாகத்தான் வரும். மொத்தம் 125 மைல்: கால்வாயில் 54, ரெடிங்கில் தேம்ஸ் ஆற்றைத் தொட்டபின் 71. இருவர் படகுகள் இரவிலும் நிற்காமல் போகும். 1979இல் ஒரு ஜோடி 15 மணி 34 நிமிடத்தில் முடித்தது. பலருக்கு ஒரு முழு நாள்கூடப் போதாது.

துடுப்புப் போடுவது பாதி வேலைதான். நீர்மட்டம் மாறும் இடங்களில் லாக் என்னும் மதகுகள் உண்டு. அங்கே இறங்கி, படகைத் தூக்கிக்கொண்டு ஓடி, அந்தப் பக்கம் போய் மறுபடி ஏற வேண்டும். இப்படி 77 முறை. முதல் 15 மைலில் லாக்கே கிடையாது. அதில் தெம்பை வீணடித்தவர்கள், க்ராஃப்டனில் வரிசையாக வரும் ஒன்பது லாக்குகளில் தள்ளாடுவார்கள்.

கரையில் நிற்கும் தன்னார்வலர்கள் இல்லாவிட்டால் இந்தப் போட்டி ஒரு இரவுகூடத் தாங்காது. தேம்ஸில் லாக்குக்குப் பக்கத்திலேயே தடுப்பணை இருக்கும். இருட்டில் பக்கம் மாறிப் போனால் நீரோட்டம் படகை அணைப் பக்கம் இழுக்கும். எந்தக் கரையில் இறங்குவது என்று டார்ச் அடித்துக் கத்துகிறவர் முக்கியமாவது அங்கேதான். குரல் ஒரே மாதிரி இருக்க வேண்டும். தூக்கக் கலக்கத்தில் வருகிறவருக்கு நீளமான விளக்கம் ஏறாது. “இடது! இடது!” போதும்.

தன்னார்வலர்கள் படகு எண்ணையும் நேரத்தையும் எழுதுவது சும்மா கணக்குப்பிள்ளை வேலை மாதிரித் தெரியும். ஆனால் ஒரு லாக்கைத் தாண்டிய படகு அடுத்ததற்கு வந்து சேரவில்லையென்றால், தேட வேண்டியது அந்த இரண்டுக்கும் நடுவே மட்டும்தான். ஒரு எண் விட்டுப்போனால் பல மைல் தேட வேண்டிவரும். மழையில் பேனா மை கரையும், பென்சில்தான் உத்தமம்.

குளிரில் உடம்பு விறைப்பதையும் இவர்கள்தான் முதலில் கண்டுபிடிக்க வேண்டும். “நல்லா இருக்கீங்களா?” என்று கேட்டால் எல்லாருமே ஆமாம் என்பார்கள். “படகு எண் என்ன?” என்று கேட்டுப் பாருங்கள். நாக்கு குழறினாலோ, பதில் வரத் தாமதமானாலோ மருத்துவ உதவியைக் கூப்பிட வேண்டிய நேரம் அது.

தேம்ஸில் டெடிங்டன் என்ற இடத்துக்குப் பிறகு கடைசி 17 மைல் கடலின் ஏற்ற இறக்கத்துக்குக் கட்டுப்பட்டது. நீர் கடலை நோக்கி வடியும்போது அங்கே இருக்க வேண்டும். அதனால் புறப்படும் நேரத்தைப் பின்னாலிருந்து கணக்குப் போடுகிறார்கள்: மெதுவானவர்கள் முன்னால், வேகமானவர்கள் பின்னால். நேரம் தவறினால் எதிர்நீரோடு மல்லுக்கட்ட வேண்டும்.

பார்க்கப் போகிறவர்கள் இந்தத் தன்னார்வலர்களுக்கு நன்றி சொல்ல ஆசைப்பட்டால் மாலையெல்லாம் வேண்டாம். காரைக் குறுகலான சந்தில் நிறுத்தாதீர்கள். படகு தூக்கி ஓடும் பாதையை விட்டு விலகி நில்லுங்கள். வருகிறவர் முகத்தில் டார்ச் அடிக்காதீர்கள், கண் கூசிக் கால் இடறும். ஃபிளாஸ்கில் சூடான டீ கொண்டுபோனால் ஒரு கப் சேர்த்தே ஊற்றுங்கள். அதிகாலை மூன்று மணிக்கு அதை யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை. கடைசிப் படகு போனபின், கட்டிய நாடாவையும் அம்புக்குறிப் பலகையையும் அவிழ்க்க இரண்டு கை கூடுதலாகக் கிடைத்தால் இன்னும் நல்லது.